அந்த இரண்டு பீரியடையும் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

போன வியாழக்கிழமை மதியம் ஆறாவது பீரியட் மணி அடித்ததும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 26 பேரும் வழக்கம்போல ஹைடெக் லேப் என்கிற கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். கதவில் பூட்டு தொங்கியது. தலைமையாசிரியர் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து வந்து, பிள்ளைகள் காதில் விழாத குரலில் என்னிடம் சொன்னார்: "டீச்சர், இனிமே லேப் பீரியட் கிடையாதாம். நேத்து மீட்டிங்ல சி.இ.ஓ. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நான் என்ன பண்றது?"

அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பணியில் இருக்கும்போது இப்படி ஒரு மடலை ஊரறிய எழுதியிருந்தால் மறுநாளே ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி குறிப்பாணை கையில் வந்து சேர்ந்திருக்கும். கடந்த மே மாதத்தோடு ஓய்வு பெற்றுவிட்டேன். அறிவியல் பட்டதாரி ஆசிரியராக 27 வருடம்; அதில் கடைசி 14 வருடம் இதே உயர்நிலைப் பள்ளியில். இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் என்ற பெயரில் ஓர் இடம் இருக்கிறது. அந்த உரிமையில் செவ்வாயும் வியாழனும் மதியம் லேபுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது, கேட்கவும் இல்லை.

உத்தரவு எழுத்தில் இல்லை. கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டு, பிறகு தலைமையாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தியாக வந்திருக்கிறது. அதன் சாரம் இதுதான்: ஆறு முதல் ஒன்பது வரை வாரத்துக்கு இரண்டு கணினிப் பாடவேளைகளையும் எடுத்து, எழுதப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். லேப் இனி இணையவழி மதிப்பீட்டுத் தேர்வுக்கும் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பிள்ளைகளின் விவரங்களை ஏற்றும் பதிவுகளுக்கும் மட்டும். முழு ஆண்டுத் தேர்வு முடியும் வரை இதே ஏற்பாடு.

சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசாட்சி இடம் கொடுக்காது. எட்டாம் வகுப்பில் 'விளக்கெண்ணெய்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் வியர்த்துப்போகிற பிள்ளையை எனக்குத் தெரியும். அவனுக்குத் தமிழும் கணக்கும் வரவேண்டும்தான். ஆனால் அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு, யாரும் கேள்வி கேட்காத இடம் எது என்று பார்த்து எடுத்திருக்கிறீர்கள். பி.டி. பீரியடை எடுத்தோம், ஓவிய பீரியடை எடுத்தோம், நூலக பீரியடை எடுத்தோம். இப்போது இது. இரண்டே பீரியட், இதில் என்ன குடிமுழுகிவிடும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைத்திருக்கலாம். என்ன முழுகும் என்று என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஜூன் மாதம் முதல் முறையாக எட்டாம் வகுப்பைக் கணினி முன்னால் உட்கார வைத்தபோது, ஒரு பெண் திரையில் விரலை வைத்து மேலே தள்ளினாள். ஒன்றும் நகரவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினாள். பிறகு இரண்டு விரலையும் வைத்து விரித்துப் பார்த்தாள். கடைசியில், "மிஸ், இது ஹேங் ஆயிடுச்சு" என்றாள். பக்கத்தில் இருந்த பையனுக்கு மவுஸ் பிடிபட்டுவிட்டது. ஆனால் மேசை விளிம்புக்கு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அதை அந்தரத்தில் தூக்கி, பட்டம் விடுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தான். எடுத்து நடுவில் வைத்து மறுபடி நகர்த்தலாம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. யார் சொல்வார்கள்? வீட்டில் கணினி கிடையாது. 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை நூற்றுக்கு 4.4 தான், நகரத்தில் 23.4. அந்தக் கணக்கு பழசாகிவிட்டது என்பீர்கள். எங்கள் எட்டாம் வகுப்பில் கையைத் தூக்கச் சொன்னேன். 26 பேரில் ஒரே ஒருத்தி தூக்கினாள். அவள் அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள், போனை அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும், நாம் என்ன சொல்லித் தருவது' என்று பேசிப் பேசியே நாம் கைகழுவிவிட்டோம். போன் தெரியும், உண்மை. கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றிய 2024ஆம் ஆண்டு அசர் அறிக்கையில், 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82.2 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. அவர்களில், கணக்கெடுப்புக்கு முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76. அதே அறிக்கையில் எனக்கு முள்ளாய்க் குத்திய எண் வேறு. போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 36.2 விழுக்காட்டினருக்குச் சொந்தமாகப் போன் இருக்கிறது, பெண்களில் 26.9 தான். எங்கள் ஊரில் அதற்கும் கீழே. வயசுக்கு வந்ததும் பெண்பிள்ளை கையிலிருந்து போனை வாங்கி அண்ணன் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு யாரையும் கேட்காமல், யாரும் எட்டிப் பார்க்காமல் தொடக்கூடிய ஒரே இயந்திரம் உங்கள் லேபில் இருக்கிறது. வாரத்துக்கு எண்பது நிமிடம். அதையும் எடுத்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன், இதில் நானும் குற்றவாளிதான். நம் அறிவியல் புத்தகங்களில் கணினிக்கென்று கடைசியில் ஓர் அலகு உண்டு. ஏழாம் வகுப்பில் டிஜிட்டல் ஓவியம், எட்டாம் வகுப்பில் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள், பத்தாம் வகுப்பில் காட்சித் தொடர்பு என்ற தலைப்பில் ஸ்கிராட்ச் என்ற நிரல் எழுதப் பழக்கும் மென்பொருள். கடைசி அலகு என்பதால் பிப்ரவரியில்தான் அதைத் தொடுவோம். தொடுவோம் என்பதுகூடப் பெரிய சொல். 'இதிலிருந்து ஒரு மார்க் வரும், இதை இதை மனப்பாடம் பண்ணிக்கோங்க' என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்துவிட்டு ஒளியியலைத் திருப்பப் போய்விடுவோம். பல வருடம் நானே அப்படித்தான் செய்தேன். ஸ்கிராட்சைத் திறந்தால் திரையில் ஆரஞ்சு நிறப் பூனை ஒன்று நிற்கும். கட்டளைக் கட்டைகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் அந்தப் பூனை நடக்கும், குதிக்கும், பேசும். என்னிடம் படித்த எத்தனையோ பேர் அந்தப் பூனையை ஒரு தடவைகூடப் பார்க்காமல் அதற்கான மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நீச்சலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு 'எழுதிக்கோ' என்று சொன்ன கதை.

எங்கள் பள்ளியில் பத்தாவது முடித்து, பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஒருங்கிணைந்த பட்டப்படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குக் கியூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது கணினியில் நடப்பது. பாடத்தில் கெட்டிக்காரி. இரண்டு பஸ் மாறி, விடியற்காலையில் கிளம்பித் தேர்வு மையத்துக்குப் போனாள், அவள் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூடவே போனார். தெரிந்த கேள்விகளை முதலில் முடித்துவிடலாம் என்று, திரையின் வலப்பக்கம் இருக்கும் கேள்வி எண்களைச் சொடுக்கி, 3, 7, 12 என்று தாவித் தாவிப் பதிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். காகிதத் தேர்வில் நாம் சொல்லிக்கொடுத்த உத்திதான் அது. ஆனால் அந்தத் திரையில், 'சேமித்து அடுத்ததற்குச் செல்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் பதில் பதிவாகும். எண்ணைச் சொடுக்கித் தாவினால், தேர்ந்தெடுத்தது சேமிக்கப்படாது. தொடக்கத்தில் வரும் அறிவுரைப் பக்கத்தில் இது எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கீழே உருட்டிப் படிக்கவே அவளுக்குக் கை ஓடவில்லை. பிறகு விடைத்தாள் நகலை இணையத்தில் வெளியிட்டபோது என் போனில் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். ஒன்றுவிட்டு ஒன்று 'பதிலளிக்கப்படவில்லை' என்றிருந்தது. "மிஸ், நான் போட்டேன் மிஸ், நான் எல்லாத்துக்கும் போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பதில் தெரியாமல் தோற்றால் அது வேறு. ஜேஇஇ, ரயில்வே, வங்கி, எஸ்.எஸ்.சி. எல்லாம் கணினியில்தான் நடக்கின்றன. தனியார் பள்ளிப் பிள்ளை இருபது மாதிரித் தேர்வைக் கணினியில் எழுதிவிட்டு வருகிறது. நம் பிள்ளை மவுஸை முதலில் பிடிப்பதே தேர்வறையில். இந்த வித்தியாசம் உங்கள் தரவரிசை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் தெரியும், சொல்லுங்கள்.

கல்லூரியில் சேர்வதும் அப்படித்தான். அரசு கலைக் கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். எங்கள் கடைத்தெரு பிரவுசிங் சென்டரில் வாங்குவது 200. பணம்கூடப் போகட்டும். போன வருடம் என்னிடம் உதவி கேட்டு வந்த 11 பிள்ளைகளின் விண்ணப்பத்தைப் பார்த்தேன். பதினொன்றிலும் மின்னஞ்சல் முகவரி கடைக்காரருடையது. கடவுச்சொல்லும் பதினொன்றுக்கும் ஒன்றே: ஊர்ப் பெயரும் 123உம். கலந்தாய்வு அழைப்பு யாருக்கு வரும்? கடைக்காரருக்கு. அவர் நல்லவர், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு அந்த வாரம் தங்கை கல்யாணம். இரண்டு பிள்ளைகளுக்கு அழைப்பு வந்ததே தெரியாமல் போய்விட்டது. பன்னிரண்டு வருடம் படித்து முடித்த பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திறந்து, அதற்கு ஒரு கடவுச்சொல்லைப் போட்டு, அதை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றால் அது யாருடைய தோல்வி?

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வீட்டில் போன் விஷயம் எல்லாம் பையன்தான். 'கல்வி உதவித்தொகை அனுப்புகிறோம், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, பின் நம்பர் போடுங்க, காசு வந்துடும்' என்று ஓர் அழைப்பு. பையனின் பெயர், வகுப்பு எல்லாம் சரியாகச் சொன்னார்களாம். இவன் ஸ்கேன் பண்ணினான், பின்னையும் போட்டான். 4,800 ரூபாய் போயிற்று. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடத் தேவையே இல்லை, போட்டாலே அது கொடுப்பது என்ற ஒரு வரி அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்துச் சொல்லலாம் என்பதும் தெரியாது. நான்கு நாள் கழித்து, அதுவும் வேறு ஏதோ பேச்சில் என்னிடம் சொன்னான். அதுவரை அப்பாவுக்குப் பயந்து அம்மாவும் மகனும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு லேபில் ஒரு வாரம் வேறு எதுவும் செய்யவில்லை. வீட்டுப் போன்களுக்கு வரும் செய்திகளை நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். 31 செய்திகள் வந்தன. 'கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30க்கு இணைப்பு துண்டிக்கப்படும்' என்பது மட்டும் ஐந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தது. எது நிஜம், எது பொய், பொய் என்றால் எந்தச் சொல்லில் காட்டிக்கொடுக்கிறது என்று பிள்ளைகளே கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பிரித்தார்கள். கணினியைக்கூடத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பீரியட் இருந்ததால்தான் அது நடந்தது. அறிவியல் பீரியடில் செய்திருந்தால் 'போர்ஷன் முடிக்காம என்ன பண்றீங்க' என்று பார்வைக்கு வந்தவர் கேட்டிருப்பார்.

செயற்கை நுண்ணறிவு என்று இப்போது எல்லா மேடையிலும் பேசுகிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு அது வாட்ஸ்அப்பில் இருக்கிற நீல வட்டம். வீட்டுப்பாடக் கட்டுரையை அதில் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள். திட்டிப் பார்த்தேன், பிரயோசனமில்லை. ஒருநாள் வகுப்பின் முன்னாலேயே எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி அதனிடம் கேட்டோம். ராஜராஜ சோழன் காலத்தில் வெட்டியது என்று கணீரென்று பதில் வந்தது. 1974இல் வறட்சி நிவாரண வேலையாக வெட்டிய குளம் அது, மண் சுமந்தவர்களில் நான்கைந்து பேர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஒரு பையனின் தாத்தாவே அதில் ஒருவர். வகுப்பு சிரித்துத் தீர்த்தது. அன்றைக்குப் பிறகு கட்டுரை எழுதி வரும்போது, 'மிஸ், இதை நான் தாத்தாகிட்ட கேட்டுட்டேன்' என்று சொல்கிறான்கள். இதற்குமேல் பெரிய பாடம் எதையும் நான் நடத்தியதில்லை.

இப்போது நீங்கள் எதற்காகப் பீரியடை எடுத்தீர்களோ, அந்த விஷயத்துக்கே வருகிறேன்.

விளக்கெண்ணெய் பையனைச் சொன்னேன் அல்லவா, அவன் கையெழுத்துக்குப் பயந்தவன். எழுதினால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டே எழுதுவான். அவனைத் தமிழ்99 விசைப்பலகையில் உட்கார வைத்தேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு நம் அரசே ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. நம் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை, எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுகிறவர்கள்தான். தமிழ்99இல் உயிரெழுத்தெல்லாம் இடப்பக்கம், மெய்யில் பெரும்பாலானவை வலப்பக்கம். 'அம்மா' என்று அடிக்க நான்கே தட்டல்: அ, ம, ம, ஆ. இரண்டாவது ம அடித்ததும் முதல் ம-வின் தலையில் புள்ளி தானாக விழும். அந்தப் புள்ளி விழுந்ததைப் பார்த்துவிட்டு அவன் கையை எடுத்துக்கொண்டான். பிறகு அழித்துவிட்டு மறுபடி அடித்தான். மறுபடி. பத்து தடவைக்குமேல் இருக்கும். "ஒத்தெழுத்து ரெண்டு வந்தா முன்னதுக்குப் புள்ளி, அப்படித்தானே மிஸ்?" என்றான். எட்டு வருடமாக எந்த இலக்கண வகுப்பிலும் அவனுக்குப் பிடிபடாத விஷயம். உடனே 'பட்டம்', 'பக்கம்', 'அத்தை' என்று அவனாகவே தேட ஆரம்பித்தான். செப்டம்பர் கடைசியில் ஆட்டுக்குட்டி போட்டதைப் பற்றி ஆறு வரி அடித்தான். பிழை இருந்தது. ஆனால் மறைக்கவில்லை, திரையைத் திருப்பிக் காட்டினான்.

எழுத்துக் கூட்ட வராத பிள்ளைக்காக லேபைப் பூட்டினீர்கள். அவன் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருந்ததே அந்த லேபில்தான். கூட்டத்தில் இந்த முடிவை எடுக்கும்போது ஒரே ஒரு ஆசிரியரையாவது கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் பொய். 2011இலிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். அதில் படம் பார்த்தவர்களும் உண்டு, ஃபோட்டோஷாப் கற்றுக்கொண்டு இன்று எங்கள் தாலுகாவுக்கே ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுக்கிற என் மாணவனும் உண்டு. பிறகு 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்தது. உயர்நிலைக்கு 10 கணினி, மேல்நிலைக்கு 20. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் என்று அறிவித்துச் செய்தார்கள். இவ்வளவு கோடியைக் கொட்டி வாங்கிய பொருளைப் பிள்ளை தொடுவதற்கு வாரத்தில் எண்பது நிமிடம் கிடையாது என்பதைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை. பெரிய திரையில் ஓடும் காணொளியைப் பார்ப்பதும் கணினிக் கல்விதான் என்று ஒரு கணக்கு நடக்கிறது. பார்ப்பதற்கு அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் அவர்கள் நமக்கு வாத்தியார்கள்.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2001இலேயே பள்ளிகளுக்கென்று தகவல் தொழில்நுட்பத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2017இல் அதையே கைட் என்ற அரசு நிறுவனமாக்கினார்கள். அடுத்த வருடம் 'லிட்டில் கைட்ஸ்' என்று பிள்ளைகளுக்கே ஒரு அணி. எல்லாம் கட்டற்ற மென்பொருளில். அங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இது ஒரு பாடம், கணினி முன் உட்கார்ந்து செய்து காட்டும் செய்முறைத் தேர்வும் உண்டு. இன்னொரு தேர்வைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவதில் எனக்கு ஆசை இல்லை. ஆனால் நம் ஊரில் மதிப்பெண் இல்லாத பாடத்துக்கு உட்காரப் பெஞ்சுகூடக் கிடைக்காது என்பதை இந்த வியாழக்கிழமை எனக்கு மறுபடி காட்டிவிட்டது.

லேபின் நிலைமையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பத்துக் கணினியில் ஓடுவது ஏழு. யுபிஎஸ் பேட்டரி போய் ஒன்றரை வருடம். வலைக் கம்பியை எலி கடித்ததைப் பள்ளி மேலாண்மைக் குழுக் காசில் சரிசெய்தோம். புகார் கொடுத்தால் எண் வருகிறது, ஆள் வருவதில்லை. இருக்கிற லேப் பயிற்றுநர் தம்பி கெட்டிக்காரர்தான். ஆனால் காலையிலிருந்து மாலைவரை எமிஸில் எதையாவது ஏற்றிக்கொண்டே இருக்கிறார். ஆதார், வங்கிக் கணக்கு, உயரம், எடை, காலணி அளவு. அவரும் நானும் ஒரே அறையில் இருந்தாலும் அவர் பிள்ளைகள் பக்கம் திரும்ப முடிந்தது வாரத்தில் ஒரு நாளோ என்னவோ.

இனி நான் கேட்பவை.

முதலில், அந்த வாய்மொழி உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். ஆறு முதல் ஒன்பது வரை வாரத்துக்கு இரண்டு கணினிப் பாடவேளைகள் உண்டு, அவற்றை வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், தேதியும் கையெழுத்தும் உள்ள சுற்றறிக்கையாக. சிறப்பு வகுப்புக்கு நேரம் வேண்டும் என்றால் காலை வழிபாட்டுக்கு முன் அரை மணி நேரம் இருக்கிறது, மாலையில் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாங்கள் ஊரில் ஐந்து பேர் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். இல்லை, அந்தச் சிறப்பு வகுப்பையே லேபில் நடத்துங்கள் என்று சொன்னாலும் எனக்குச் சம்மதம். தமிழ்99இல் எப்படி நடத்துவது என்று மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கு வந்து காட்டச் சொன்னாலும் என் பஸ் செலவில் வருகிறேன்.

பதிவு வேலைக்கு ஒரு நாளில் இன்ன நேரம் என்று வரம்பு வையுங்கள். பாடவேளை நடக்கும்போது லேப் பயிற்றுநரை எமிஸுக்கு இழுக்கக் கூடாது. ஓடாத மூன்று கணினியையும் பேட்டரியையும் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார்கள் என்பதை அந்தப் பொறுப்பில் உள்ள ஒப்பந்ததாரரிடம் எழுதி வாங்கி எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். அறிவியல் புத்தகத்தின் கணினி அலகுகளை பிப்ரவரிவரை தள்ளிப்போடாமல் ஆண்டு முழுக்க லேபிலேயே நடத்தச் சொல்லுங்கள். பார்வைக்கு வருகிறவர்கள் நோட்டைத் திருத்தியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, ஏதாவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, 'உனக்கு ஒரு மின்னஞ்சல் திறந்து காட்டு' என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி போதும், ஒரு மாதத்தில் எல்லா லேபும் திறந்துவிடும்.

மாவட்டத்தில் பத்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், கணினியில் நடக்கும் ஒரு மாதிரித் தேர்வாவது எழுதிய பழக்கம் இருக்க வேண்டும். சேமித்து அடுத்ததற்குச் செல்லும் அந்தப் பொத்தானை அவர்கள் தேர்வறையில் முதல்முதலாகப் பார்க்கக் கூடாது. இதற்குப் புதிதாகச் செலவு இல்லை. மதிப்பீட்டுத் தேர்வுக்கென்று நீங்கள் இப்போது பூட்டி வைத்திருக்கும் அதே ஏழு கணினிகள் போதும்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழு இந்த மாதக் கடைசியில் கூடுகிறது. அதற்கு முன் எழுத்தில் ஒரு பதில் வேண்டும். அதைக் கூட்டத்தில் வாசித்துப் பெற்றோருக்குச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையே தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம்.

வருகிற வியாழக்கிழமை ஆறாவது பீரியட், மதியம் 2.10க்கு, நேரில் வர முடிந்தால் வாருங்கள். பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். லேப் இல்லை என்று அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை, சாவி தொலைந்துவிட்டது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்